பத்தாவது முடிந்தது, இனி எந்தக் குரூப்?

பத்தாம் வகுப்பு தேர்வு முடிவு வந்ததும் எஸ்டேட் லயன் வீடுகளில் முதலில் எழுவது 'எந்தக் குரூப்?' என்ற கேள்வி இல்லை. 'எந்த ஸ்கூலுக்கு பஸ் இருக்கு?' என்பதுதான். குந்தா, பந்தலூர் பக்கத்துப் பெற்றோருக்கு இது நன்றாகவே தெரியும். பக்கத்துப் பள்ளியில் என்ன இருக்கிறதோ அதில் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறோம். ரெண்டு வருஷம் கழித்து மகள் நர்சிங் படிக்கணும் என்கிறபோதுதான், அவள் உயிரியல் படிக்கவில்லையே என்பது உறைக்கிறது.

அதனால், பள்ளியில் 'ஃபர்ஸ்ட் குரூப் இருக்கா?' என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தப் பெயர் பள்ளிக்குப் பள்ளி மாறும். தமிழ், ஆங்கிலம் போக மீதி நான்கு பாடங்கள் என்னென்ன என்று கேளுங்கள். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். எம்.பி.பி.எஸ்., பி.எஸ்சி. நர்சிங் இரண்டுக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும். ஆனால் சுமை அதிகம். கணக்கில் தடுமாறும் பிள்ளையை அதில் தள்ளிவிட வேண்டாம். பி.காம்., சி.ஏ., சட்டம் எல்லாம் வணிகவியல் குரூப்பில் இருந்தே போகலாம். 'காமர்ஸ்னா மார்க் இல்லாதவங்க எடுக்கறது' என்ற பேச்சை இன்னும் எத்தனை நாள் பேசப் போகிறோமோ!

இன்னொன்றையும் கவனியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ, பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஊட்டியிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடும். இதை முன்கூட்டியே சொல்ல ஆளில்லாமல் போவதுதான் வருத்தம்.

பிளஸ் ஒன் மட்டும்தான் வழி என்றும் இல்லை. பத்தாவது முடித்ததும் ஊட்டி அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ படித்துவிட்டு, பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

வேண்டிய குரூப் தூரத்துப் பள்ளியில்தான் இருக்கிறது என்றால், அந்த ஊரில் அரசு நலத்துறை மாணவர் விடுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே மனுப் போட்டு வையுங்கள். சந்தேகம் இருந்தால் 14417-க்குப் போன் செய்யலாம். சேர்க்கை நேரத்தில்தான் கொழுந்துப் பறிப்பும் மும்முரமாக இருக்கும். அரை நாள் லீவு போட்டாவது, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியரிடம் பேசிவிட்டு வாருங்கள்.