எந்தக் கருவி சொல்வது சரி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மீனவர் ஊர். அதிகாலை நான்கு மணி. மாமாவும் மருமகனும் விசைப்படகில் கரைக்குத் திரும்பினார்கள். துறைமுக வாசலின் இரண்டு பக்கமும் பாறைச் சுவர். எங்கும் இருட்டு. அலையும் அதிகம்.

படகில் பழைய ஜி.பி.எஸ். கருவி இருந்தது. மருமகனிடம் புதிய செல்போன் இருந்தது. இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டின.

“மாமா, செல்போனில் நம் நாட்டு நாவிக் இருக்கிறது. இது சொல்கிறபடி போவோம்” என்றான் மருமகன்.

“பொறு மக்கா. வாசலில் 30 மீட்டர் தவறினால் பாறையில்தான் மோதுவோம். விடியட்டும்” என்றார் மாமா.

விடிந்ததும் கரை சேர்ந்தார்கள். மாமா படகை இறுக்கிக் கட்டினார்.

“இனி படகு நகராது. இரண்டு கருவியும் காட்டும் எண்களை எழுது” என்றார்.

மருமகன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நோட்டில் எழுதினான். ஒரு மணி நேரம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தான். பழைய கருவியின் எண்கள் சிறிதே மாறியிருந்தன. செல்போனின் எண்கள் மிகவும் மாறியிருந்தன.

“செல்போனை எங்கே வைத்தாய்?” என்று மாமா கேட்டார்.

“அறைக்குள், கூரைக்குக் கீழே.”

“வெளியே வைத்துப் பார்.”

வெளியே வைத்தான். எண்கள் அடங்கின. இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தைக் காட்டின.

இது எப்படி?

செயற்கைக்கோள்கள் வானிலிருந்து நேரத்தை அனுப்புகின்றன. அது வந்துசேர ஆகும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைச் சரியாகச் சொல்லக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. கூரை வானத்தை மறைத்தால் கணக்குக் கெடும்.

செயற்கைக்கோளின் கடிகாரமும் முக்கியம். ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு தவறினால், தூரம் 30 மீட்டர் தவறும்.

ஜி.பி.எஸ். அமெரிக்காவுடையது. 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான அலையில் அந்த நாடு வேண்டுமென்றே பிழை சேர்த்தது. அப்போது 100 மீட்டர் வரை தவறு வந்தது. பிறகு அது நீக்கப்பட்டது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உண்டு.

நம் நாவிக், இந்தியாவுக்கும் சுற்றிலும் 1500 கிலோமீட்டர் வரைக்கும் ஏற்பட்டது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013-ல் ஏவப்பட்டது. சிலவற்றில் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023-ல் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்துடன் ஒன்று ஏவப்பட்டது.

ஆகவே பெயரைப் பார்த்து நம்பக் கூடாது. சோதித்துப் பார்த்து நம்ப வேண்டும்.

நினைவில் கொள்வோம்

1. கருவிக்கு வானம் நன்றாகத் தெரிய வேண்டும்.
2. எத்தனை செயற்கைக்கோள்கள் கிடைக்கின்றன என்று பார்க்க வேண்டும்.
3. நின்ற இடத்தில் எண் அதிகம் மாறக் கூடாது. அட்சரேகையில் ஒரு நிமிடம் 1852 மீட்டர். 0.010 நிமிடம் மாறினால் 18 மீட்டருக்கு மேல் தவறு.
4. எண் மாறாமல் நின்றால் மட்டும் போதாது. நன்கு தெரிந்த இடத்தின் எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும்.
5. துறைமுக வாசலில் கருவியோடு கண்ணும் வேண்டும்.

விடை கூறுங்கள்

1. மாமா ஏன் விடியும் வரை காத்திருந்தார்?
2. செல்போனின் எண்கள் ஏன் மாறின?
3. உங்கள் கருவியை எந்த இடத்தில் வைத்துச் சோதிப்பீர்கள்?