இடைகழியில் ஏற்றிய விளக்கு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

துன்பம் வந்த காலத்தில் எம்பெருமானிடம் முறையிடுதல் எல்லார்க்கும் இயல்பு. அக்காலத்தில் அவனைப் போற்றுதல் எங்ஙனே கூடும்? நெஞ்சு கலங்கியிருக்க, வாய் மாத்திரம் துதித்தால் அது வெறும் உபசாரமாகாதோ? இச்சங்கைக்கு முதலாழ்வார்கள் சரிதமே விடையாகிறது.

கச்சித் திருவெஃகாவில் அவதரித்த பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாரும், மயிலையில் அவதரித்த பேயாழ்வாரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாய்த் திருக்கோவலூர் வந்து சேர்ந்தது ஒரு மழையிரவில். ஒதுங்கக் கிடைத்ததோ ஒரு சிறு இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னுமளவே அதன் அகலம். மூவரும் நின்றபோது, நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். இருளில் முகம் தெரியவில்லை. அந்நெருக்கத்தில் பிறந்தவையே மூன்று திருவந்தாதிகள். ஆக, ஆழ்வார்களின் ஈரச்சொற்கள் நாட்டில் முதன்முதல் ஒலித்தது இருளும் மழையும் இடநெருக்கமும் கூடிய ஒரு பொழுதில் என்பதை நாம் மறத்தலாகாது.

பூதத்தாழ்வாரின் கடல்மல்லையிலிருந்து கரையோரமாகவே தெற்கே வந்தால் மரக்காணம். 2019 வரை திருக்கோவலூரும் மரக்காணமும் ஒரே விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தன. மரக்காணத்து உப்பளத்தார்க்கு மழையிரவு என்றால் என்னவென்று சொல்லவேண்டுவதில்லை. மற்ற ஊர்களில் உழவர் எதிர்நோக்கும் வடகிழக்குப் பருவமழை, இவர்களுக்கு வேலை நிற்கும் காலம். தை பிறந்து வானம் வெளுத்த பின்பே பாத்திகளைச் சீர்செய்து, சேற்றை மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் வற்றவைத்து உப்பு வாருவர். ஐப்பசியில் மழை இறங்கினால் வரப்பு கரையும். பாத்தியில் வண்டல் படியும். ஓலை போர்த்திய உப்புக் குவியலும் நனைந்து குறையும். 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் கரை கடந்தது இவ்வூரை அடுத்தே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, இக்கரையும் மழையில் மூழ்கியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணையும் பெருகியது. கோவலூர் அப்பெண்ணையின் கரையிலேயே உள்ளது.

இக்கரையில் நின்று பொய்கையாழ்வாரின் முதற்பாசுரத்தை அநுஸந்தித்தால் ஒன்று விளங்கும். நெருக்குகிறவன் யாரெனக் காண அவர் ஒரு விளக்கேற்றுகிறார். நிலம் அகலாகிறது, கடல்நீர் நெய்யாகிறது, கதிரவன் சுடராகிறான். மண்ணும் கடலும் வெயிலும் அன்றோ உப்பளத்தின் முதலும்! வேறொன்றையும் ஆழ்வார் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. கண்முன் கிடந்தவற்றையே, இவை இன்னானுடையவை என்று அறிந்து எடுத்தார், விளக்காயின. இதுவே துதியின் ஸ்வரூபம். இல்லாததைக் கற்பித்துச் சொல்லுதல் துதியன்று; உள்ளதை உடையவனோடு சேர்த்துக் காணுதலே துதி.

மேலும் ஒரு நயம் உண்டு. அதே பாசுரத்தின் ஈற்றில், துன்பமாகிய கடல் அகலவேண்டிச் சொல்மாலை சூட்டினேன் என்கிறார். ஒரே பாசுரத்தில் கடல் இருமுறை வருகிறது. முன்பு நெய்யாக, பின்பு துன்பமாக. துன்பம் இல்லையென்று ஆழ்வார் சொல்லவில்லை. அதைக் கடலளவாகவே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் விளக்கை அணைக்கவல்ல நீரே அவர் கையில் விளக்கை எரிக்கும் நெய்யாயிற்று. அஞ்சத்தக்கதும் அவன் உடைமையே என்று தெளிந்தவாறே அச்சத்தின் வேர் அறுகிறது. துதியால் வரும் பலம் இதுவேயாம்.

இவ்விளக்கு புறவிருளைப் போக்கிற்று. அகவிருளுக்குப் பூதத்தாழ்வார் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், உருகும் சிந்தையைத் திரியாகவும் கொண்டு மற்றொரு விளக்கேற்றினார். இரண்டின் ஒளியில் பேயாழ்வார் பெரியபிராட்டியாரோடும் ஆழிசங்குகளோடும் கூடிய திருமேனியைக் கண்டு களித்தார். ஒருவர் தாமே எல்லாம் செய்யவில்லை என்பது நோக்கத்தக்கது. முதல்வர் ஏற்ற, இரண்டாமவர் தொடர, மூன்றாமவர் கண்டார். நெஞ்சு ஓய்ந்து துதிக்க மாட்டாதவர்க்கு, அருகிருப்பவர் ஸேவிக்கும் பாசுரமே விளக்காகும்.

“துதித்தால் மழை நின்றதோ? கரைந்த வரப்பு மீண்டதோ?” என்னில், கோவலூரிலும் துதித்தவாறே மழை நின்றதாகவோ, இடைகழி அகன்றதாகவோ பெரியோர் பணிக்கவில்லை. நெருக்கம் அப்படியே இருந்தது. நெருக்குகிறவன் தெரிந்தான், அவ்வளவே. ஸ்வாமி தேசிகன் தேஹளீச ஸ்துதியில், மூவரிடையே நெருக்குண்ட எம்பெருமானை ஆலையிலிட்ட கரும்பாக அநுபவிக்கிறார். நெருக்கம் அவனையும் விட்டுவைக்கவில்லை. அடியார் படும் இடர்நடுவே தானும் புகுந்து நெருக்குண்பவன் அவன் என்று கருத்து.

இதில் நமக்கு ஒரு கடமையும் தேறுகிறது. முதலில் வந்தவர் படுத்திருந்தார். மற்றவர் வர எழுந்திருந்தார். மூன்றாமவர் வர எழுந்து நின்றார். தம் சுகத்தைக் குறைத்து இடம்கொடுத்த பின்பே எம்பெருமான் அங்குப் புகுந்தான். வேலையற்ற மழைமாதங்களில் உப்பளத்துக் குடிசைகளில் அடுப்பெரியாதிருக்க, நாம் நனையாத மாடத்திலிருந்து அந்தாதி ஸேவித்தல் முழுமையான துதியாகாது. கூலியிழந்தார்க்கு அரிசியும், கூரையிழந்தார்க்கு ஒதுங்க இடமும் கொடுத்தலும் இடைகழி கைங்கர்யமே.

தை பிறந்தவாறே மரக்காணத்தார் மறுபடி சேற்றை மிதிப்பர். அதே மண், அதே கடல், அதே வெயில். பொய்கையார் விளக்கு அணையவில்லை; அதன் ஒளியில் நெருக்குகிறவனை அடையாளம் காண்பதே நாம் செய்யவேண்டுவது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.