எழுபத்திரண்டில் மடக்கு

மட் மடல் நிரல், விம் தொகுப்பி என்று புதிதாக இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. திரையில் வரி மடங்குவது வேறு, கோப்பில் வரி முறிவது வேறு. விம்மின் 'ராப்' கண்ணுக்கு மட்டும் மடக்கிக் காட்டும். மடலில் பத்தி முழுவதும் ஒரே வரியாகத்தான் போய்ச் சேரும். உங்களுக்காக என்டர் தட்டுவது 'டெக்ஸ்ட்வித்'.

2. அதை 72 என்று வையுங்கள். 2008-இல் வந்த இணைய நெறி ஆவணமான ஆர்எஃப்சி 5322, மடலின் ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டவே கூடாது, 78-க்குள் இருப்பது நல்லது என்கிறது. பிறகு ஏன் 72? பதில் போடுகிறவர் உங்கள் வரிக்கு முன்னால் ஒரு கூர்க்குறியும் (>) ஓர் இடைவெளியும் சேர்ப்பார். அவருக்கு இன்னொருவர் பதில் போடுவார். மூன்று சுற்றில் 78 ஆகிவிடும். நான்காவதில் 80, பழைய விடி100 முனையத்தின் அகலம் அதுதான்.

3. இந்த 72-ஐ மடலுக்கு மட்டும் வையுங்கள். எல்லாக் கோப்புக்கும் போட்டுவிட்டு, நிரல் நடுவில் ஒடிகிறதே என்று புலம்பாதீர்கள். ஃபைல்டைப் பிளகின் இயங்கினால், மட் திறக்கும் வரைவை விம் தானே அடையாளம் கண்டு 72 வைத்துக்கொள்ளும். இமேக்ஸ்காரர்களுக்கு ஆட்டோ-ஃபில் போதும். அதில் இயல்பாக உள்ள 70 ஒன்றும் மோசமில்லை.

4. நடுவில் ஒரு சொல்லைத் திருத்தினால் வரிகள் நெட்டையும் குட்டையுமாகும். ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஜி, க்யூ, ஐ, பி: நான்கே விசை, பத்தி சீராகிவிடும். மேற்கோள் பத்தியிலும் கூர்க்குறிகள் வரித்தலைப்பில் ஒழுங்காக வந்து நிற்கும். தட்டத்தட்டத் தானே சீராக்கும் வசதியும் உண்டு, ஃபார்மேட்ஆப்ஷன்ஸில் 'ஏ'. எனக்கு அது ஆகாது. முகவரியையும் பட்டியலையும் பத்தி என்று நினைத்து ஒன்றாகப் பிசைந்துவிடும்.

5. பேட்சையும் பிழைச் செய்தியையும் மடக்காதீர்கள். ஒரு வரி முறிந்தாலும் கெர்னல் பேட்ச் ஒட்டாது. அதற்கென்றே கிட் சென்ட்-இமெயில் இருக்கிறது.

6. போனில் படிப்பவருக்கு 72-இல் முறித்த வரி ஒன்று முழுதாக, அடுத்தது துண்டாகத் தெரியும். மட்டில் 'டெக்ஸ்ட் ஃப்ளோட்' அமைப்பை இயக்கி, விம்மின் ஃபார்மேட்ஆப்ஷன்ஸில் 'டபிள்யூ' சேருங்கள். வரிக் கடைசியில் விடும் ஓர் இடைவெளி, பத்தி தொடர்கிறது என்று அந்தப் பக்கத்து மென்பொருளுக்குச் சொல்லும்; அதுவும் தன் திரைக்கேற்ப மடித்துக்கொள்ளும். 2004-இன் ஆர்எஃப்சி 3676 வகுத்த முறை இது. அறியாத மென்பொருளில் 72 அப்படியே நிற்கும், நஷ்டமில்லை. கையொப்பத்துக்கு மேலே போடும் இரண்டு கோடும் இடைவெளியும் மட்டும் விதிவிலக்கு. அந்த இடைவெளியைத் தொடர்ச்சி என்று எடுக்கக் கூடாது என்று அந்த ஆர்எஃப்சியிலேயே எழுதியிருக்கிறது. தைரியமாகப் போடலாம்.