காற்றைக் கலந்த காங்கிரீட்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கொத்து வேலை செய்யும் என் தந்தையிடம், காங்கிரீட்டில் வேண்டுமென்றே காற்றைக் கலப்பதுண்டு என்றேன். சிரித்தார். "உள்ளே காற்று நிற்கக்கூடாதென்றுதானே கம்பியால் குத்திக் குத்தி இறக்குகிறோம்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நுரைக் காங்கிரீட்

நுரை தரும் திரவத்தை நீரில் கரைத்து, அழுத்தக் காற்றைச் செலுத்தினால் கெட்டியான நுரை கிடைக்கும். இதைச் சிமெண்டு, நீர், நுண்மணல் அல்லது நிலக்கரிச் சாம்பல் சேர்ந்த குழம்பில் கலப்பதே நுரைக் காங்கிரீட். இதில் ஜல்லி இல்லை. சாதாரணக் காங்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ இருக்கும். இதுவோ பெரும்பாலும் 400 முதல் 1,600 கிலோ வரைதான். எடை குறையக் குறைய வலிமையும் குறையும். பிறகு இதனால் என்ன பயன்?

ஓர் ஊரின் கதை

இங்கிலாந்தில் பாத் நகரை அடுத்துள்ளது கூம் டவுன். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதன் அடியில் சுரங்கம் வெட்டிக் கட்டடக் கல் எடுத்தனர். கூரையைத் தாங்க விட்டிருந்த கல் தூண்களையும் பல இடங்களில் செதுக்கி எடுத்துவிட்டனர். அந்த வெற்றிடத்தின் மேல் வீடுகள் எழும்பின. சுமார் 760 கட்டடங்கள் ஆபத்துப் பகுதிக்குள் இருந்தன.

மண்ணைக் கொட்டினால் மூலை முடுக்குகளில் சேராது. நாளடைவில் அமிழ்ந்து, கூரைக்கடியில் மீண்டும் இடைவெளி விழும். நுரைக் காங்கிரீட்டோ கூழ்போல் குழாய் வழியே ஓடி, தானே மட்டமாகப் பரவும், இடிக்க வேண்டியதில்லை. 2005இல் பெரும்பணி தொடங்கிச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 6,00,000 கன மீட்டர் நிரப்பினர். அங்கு வாழ்ந்த வௌவால்களுக்கும் இடம் ஒதுக்கினர் என்பது நினைவுகூரத்தக்கது.

எச்சரிக்கைகள்

ஒரே வீச்சில் அதிக ஆழத்துக்கு ஊற்றினால் அடியிலுள்ள நுரை நசுங்கக்கூடும். எனவே அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். நீரைவிட எடை குறைந்த வகையாயின் நீர் தேங்கிய குழியில் மிதக்க முற்படும்; ஆர்க்கிமிடீஸ் விதியை இங்கும் மறக்கலாகாது. பாரம் தாங்கும் தூணுக்கும் உத்திரத்திற்கும் இத்தகைய இலேசான கலவை உதவாது. குழிக்குள் கிடப்பது சுற்றியுள்ள மண்ணளவு உறுதியாக இருந்தாலே பெரும்பாலும் போதும்.

இதனைத் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். சற்று யோசித்து, "தூணுக்கு ஆகாது, குழிக்கு ஆகும், அவ்வளவுதானே?" என்றார். நான் மூன்று பக்கம் எழுதி அடித்துச் சுருக்கியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.