மார்கழியில் தேனீப் பெட்டிக்கு மருந்து தேவையா?



திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயமான அந்நஹ்ல், தேனீயின் பெயரைத் தாங்கியது. தேனை நோய்க்கு நிவாரணமாக நம்பி வாங்குகிறவருக்கு அதைச் சுத்தமாகக் கொடுப்பது, பெட்டி வளர்ப்பவர் சுமக்கும் அமானத். எனவே உண்ணி மருந்து வைக்குமுன் அது தேவையா என்று பார்ப்போம்.

வரோவா உண்ணி கடுகளவே இருக்கும், செம்பழுப்பு நிறம். புழு வளரும் அறைக்குள் புகுந்து பெருகும். குளிர்காலத்தில் மருந்து வைக்கும் பழக்கம் குளிர்நாடுகளுக்கு உரியது. அங்கே பனிக்காலத்தில் ராணி முட்டையிடாது. ஒளிய அறையின்றி உண்ணிகள் தேனீக்களின் மேலேயே இருக்கும். ஆக்ஸாலிக் அமிலம் அவற்றைக் கொல்லும். எக்கியார்குப்பம் போன்ற நம் கடலோரத்தில் மார்கழியிலும் பெட்டியில் புழுக்கள் இருக்கும். மூடிய அறைக்குள் உள்ள உண்ணியை அந்த மருந்து எட்டாது.

முதலில், எந்தத் தேனீ என்று பாருங்கள்.

இந்தியத் தேனீ இந்த உண்ணியோடு நெடுங்காலம் பழகியது. உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில்தான் பெருகும். தேனீக்களே அதைப் பிடித்து அகற்றும். பொதுவாக மருந்து வேண்டியதில்லை.

இத்தாலியத் தேனீக்கு அந்தத் திறன் குறைவு. அதில் எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

எண்ணும் முறை:

1. ராணி இல்லாத சட்டத்திலிருந்து அரைக் கோப்பை, அதாவது சுமார் 300 தேனீக்களை, வலை மூடியுள்ள பாட்டிலில் எடுங்கள்.
2. இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு, மெதுவாக உருட்டி, இரண்டு நிமிடம் வையுங்கள்.
3. வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சர்க்கரையை உதறுங்கள். சர்க்கரை கரைந்ததும் உண்ணிகளை எண்ணலாம். தேனீக்களைப் பெட்டியிலேயே விடுங்கள்.

ஒன்பதோ அதற்கு மேலோ இருந்தால் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு மருந்து வையுங்கள். குறைவாக இருந்தால் ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள்.

மழைக்குப் பின் பெட்டி மெலிந்தால் உடனே உண்ணியைக் குற்றம் சொல்ல வேண்டாம். பசி, எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி ஆகியவையும் காரணமாகலாம். 1991-92இல் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது தாய் சாக்புரூட் என்ற வைரஸ். புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் இறந்து கிடந்தால் அந்த நோயாக இருக்கலாம்; உண்ணி மருந்து அதற்குப் பயன்படாது.

பசித்த பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு கொடுங்கள். ஆனால் பாகு கொடுத்த காலத்திலும் மருந்து வைத்த காலத்திலும் சேர்ந்ததைத் தேன் என்று விற்காதீர்கள். முந்திரி பூக்கும்போது நல்ல தேன் வரும், இன்ஷா அல்லாஹ்.