மின்வேலியில் தடையும் மின்தேக்கியும்: வரிசை மாறினால் விளைவு மாறுமா?

சாமராஜநகர் மாவட்டத்தில் பந்திப்பூர், பிளிகிரிரங்கன் மலைக் காடுகளை ஒட்டிய வயல்களில் யானைகளைத் தடுக்கச் சூரிய ஒளியால் இயங்கும் மின்வேலிகள் அமைக்கப்படுகின்றன. அவற்றிற்கு மின்துடிப்பு அளிக்கும் பெட்டியின் உட்புறத்தில் ஒரு தடையும், பட்டறைகளில் கண்டென்சர் என வழங்கும் மின்தேக்கியும் உண்டு. இவ்விரண்டில் எது முன், எது பின் என்பது பழுதுபார்க்கும் களப்பணியாளருக்கு எழும் ஐயமாகும். வகுப்பறைச் சோதனை ஒன்றால் இதைத் தெளியலாம்.

9 வோல்ட் பாட்டரி, 10,000 ஓம் தடை, 1,000 மைக்ரோபாரட் மின்தேக்கி, மில்லி அம்மீட்டர் ஆகியவற்றைத் தொடராக இணைக்க. சாவியை மூடியவுடன் 0.9 மில்லி ஆம்பியர் பாயும். 10 நொடியில் அது 0.33 ஆகக் குறையும். தடையையும் தேக்கியையும் இடம் மாற்றிச் சோதனையைத் திரும்பச் செய்க. (தேக்கியின் நேர்முனை பாட்டரியின் நேர்முனையை நோக்கியே இருத்தல் வேண்டும்.) அம்மீட்டர் முன்போலவே காட்டும். தொடர்ச்சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. ஆதலின் வரிசை பொருட்டன்று.

இனி, பாட்டரியின் எதிர்முனைக்கும் அவ்விரு உறுப்புக்களின் சந்திக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க. எதிர்முனைப் பக்கம் தேக்கி இருந்தால், அளவு சுழியிலிருந்து ஏறி 10 நொடியில் 5.7 வோல்ட் ஆகும். தடை இருந்தால் 9 வோல்ட்டில் தொடங்கி 3.3 வோல்ட்டுக்கு இறங்கும். சுற்று ஒன்றே, நாம் தொட்டுப் பார்க்கும் இடம் வேறு. பழைய முள் வோல்ட்மீட்டர் தானே மின்னோட்டத்தை உறிஞ்சி அளவைக் கெடுக்கும். எண்முறை மீட்டரே ஏற்றது.

வேலிப்பெட்டியில் மூன்றாவது உறுப்பு ஒன்று உண்டு. அது தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சாவி. எடுத்துக்காட்டாக, 600 வோல்ட் வழங்கி 20,000 ஓம் தடை வழியே 10 மைக்ரோபாரட் தேக்கியை ஏற்றுவதாகக் கொள்வோம். நேர மாறிலி 0.2 நொடி. ஒரு நொடியில் தேக்கி ஏறத்தாழ நிறைந்து 1.8 ஜூல் ஆற்றலைச் சேமிக்கும். தடைக்கும் தேக்கிக்கும் இடைப்பட்ட சந்தியில் சாவி இருப்பின், தேக்கி தடையைத் தொடாமல் மின்மாற்றியின் முதற்சுருள் வழியே வெறுமையாகும். அப்பாதையின் தடை 10 ஓம் எனில், சுருளின் தூண்டலை ஒதுக்கிப் பார்த்தால், தொடக்க ஓட்டம் 60 ஆம்பியர். சாவியைத் தடைக்கு முன்னால், வழங்கியின் பக்கம் இணைத்துவிட்டால், அதே ஆற்றல் 20,000 ஓம் வழியே கசிந்து 0.03 ஆம்பியருக்கு மேல் எழாது. வழங்கியும் குறுக்கிணைப்பில் சிக்கும். வேலி உயிரற்றுக் கிடக்கும். ஆகவே கேட்க வேண்டிய வினா எது முன் என்பதன்று. ஏற்றும் பாதையில் எது, இறக்கும் பாதையில் எது என்பதே. பெட்டியைத் தொடுமுன் தேக்கியைத் தக்கதொரு தடையின் வழியே வெறுமையாக்குக.

முறையான பெட்டி நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் தராது. சர்வதேச மின்னியல் தர விதிப்படி, 500 ஓம் சுமையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டலாகாது. இதற்கு மாறாக, 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேரே செலுத்தும் சட்டவிரோத வேலிகளால் இம்மாவட்டத்தில் யானைகள் மடிந்துள்ளன. இடையே ஒரு தேக்கியை வைத்தால் ஆபத்தில்லை என்பாரும் உளர். தேக்கி தடுப்பது நேர்மின்னோட்டத்தை மட்டுமே. 50 சுழற்சி மாறுமின்னோட்டத்திற்கு 10 மைக்ரோபாரட் தேக்கியின் எதிர்ப்பு 318 ஓம்தான். மனித உடலின் தடையை 1,000 ஓம் எனக் கொண்டு, செங்கோண முக்கோண முறைப்படி இரண்டையும் சேர்த்தால் சுமார் 1,050 ஓம். பாயும் ஓட்டம் 0.22 ஆம்பியர். வீடுகளில் உயிர்காக்கப் பொருத்தும் கசிவுத் துண்டிப்பான் 0.03 ஆம்பியரிலேயே மின்சாரத்தை நிறுத்துமாறு அமைக்கப்பட்டது.