மென்பொருளுக்கு மொட்டை மாடி தெரியாது

"தம்பி, ராத்திரி பதினோரு மணி ஆகியும் மேல் ரூம்ல அனல் அடிக்குது. கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டுத்தானே கட்டினீங்க?"

தாம்பரம் பக்கம் நான் வடிவமைத்த முதல் 'பசுமை வீட்டில்' குடியிருக்கும் அம்மா, ஒரு மே மாதம் போனில் கேட்டது இது. போட்டுப் பார்த்தது உண்மைதான். மறுநாள் கோப்பைத் திறந்ததும் தவறு புரிந்தது. வெப்பக் கணிப்பு மென்பொருளோடு வரும் பட்டியலில் இருந்த ஒரு கூரையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அது குளிர்நாட்டுக் கூரை. கனமான வெப்பத்தடுப்பு உள்ளது. நாங்கள் கட்டியதோ காங்கிரீட் தளமும் மேலே தட்டோடும். கணினியில் இருந்த வீடு வேறு, தாம்பரத்தில் நின்ற வீடு வேறு.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை இவை.

1. கூரையை நீங்களே கணக்கிடுங்கள்

வெப்பம் எவ்வளவு எளிதாக உள்ளே இறங்கும் என்பதைச் சொல்லும் எண் 'யூ-மதிப்பு'. குறைந்தால் நல்லது. வெறும் காங்கிரீட் தளத்துக்கு அது 3-ஐத் தாண்டும். குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா (2018) அனுமதிக்கும் உச்சவரம்பு 1.2. தட்டோட்டுக்கு அடியில் 40 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். வெப்பத்தடுப்புப் பலகை விரித்தால் 1-க்குக் கீழே வந்துவிடும். இதற்கு எக்செல்லே போதும்.

2. வடக்கு ஜன்னலை நம்பாதீர்கள்

வடக்கில் வெயில் படாது என்று படித்துத்தான் வந்தேன். சென்னை இருப்பது 13 பாகை அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆண்ட்ரூ மார்ஷின் இலவச இணையக் கருவியில் சூரியப் பாதையை ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். மேற்குச் சுவருக்கு வழக்கமான சன்ஷேட் உதவாது. மாலை வெயில் தாழ்வாக வரும். செங்குத்துத் தடுப்போ, தாழ்வாரமோ, மரமோ வேண்டும்.

3. வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்

பல மென்பொருள்களின் ஆயத்த அமைப்பு, ஜன்னல் மூடிய, நாள் முழுக்க ஏசி ஓடும் கட்டடம். நம் வீடுகளில் ஏசி பெரும்பாலும் இரவில், ஒரே அறையில். மற்ற நேரம் மின்விசிறியும் திறந்த ஜன்னலும்தான். எத்தனை பேர், எந்த அறையில், எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே கணினியைத் தொடுங்கள்.

4. வானிலைக் கோப்பைப் பாருங்கள்

மென்பொருளில் கோவையின் வானிலைக் கோப்பை வைத்துச் சென்னை வீட்டைக் கணித்தால் கடற்கரையின் புழுக்கம் கணக்கில் வராது. அந்தக் கோப்புகள் கடந்த ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து தொகுக்கப்பட்டவை என்பதால், இந்த வருடக் கத்திரி அவற்றில் உள்ளதைவிடக் கடுமையாக இருக்கலாம். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 'கிளைமா' கருவி கோப்பைப் படங்களாக விரித்துக் காட்டும்.

5. கட்டும்போதே வெளியாகும் கார்பனையும் எண்ணுங்கள்

மின்கட்டணம் மட்டும் கணக்கல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு சிமென்ட் செய்யும்போதே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யின் 'எட்ஜ்' கருவி மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள் மூன்றையும் சேர்த்து ஒப்பிடும். சாம்பல் கலந்த சிமென்ட், ஏ.ஏ.சி. பிளாக் போன்ற மாற்றுகளை அதில் போட்டுப் பார்க்கலாம்.

6. வரைபடம் இறுகுமுன் ஓட்டுங்கள்

தாம்பரம் வீட்டில் சான்றிதழுக்காகத்தான், எல்லா வரைபடமும் முடிந்த பிறகு கணிப்பை ஓட்டினேன். அதற்குள் ஜன்னலின் திசையும் அளவும் முடிவாகிவிட்டிருந்தன. பென்சில் கோடாக இருக்கும்போது திசையை மாற்றச் செலவே இல்லை. அந்த நிலையில் 'எத்தனை யூனிட் ஆகும்' என்று கேட்காதீர்கள். 'இந்த இரண்டில் எது மேல்' என்று கேளுங்கள்.

விலையுயர்ந்த உரிமம் வாங்கி ஆரம்பிக்க வேண்டியதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் 'எனர்ஜிபிளஸ்' இலவசம். அதை எளிதாக இயக்க உதவும் 'ஓபன்ஸ்டுடியோ'வும் இலவசம். முதல் பயிற்சியாக நீங்கள் தூங்கும் அறையையே உள்ளிட்டு, ஒரு மே மாத இரவுக்கு ஓட்டுங்கள். சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். இரண்டும் ஓரளவு ஒத்துப்போன பிறகு அடுத்தவர் வீட்டுக்குப் போங்கள்.